ஆறு ஞாயிறு

மௌஸ் இடது பக்கம்தான் இருக்கும். மூன்று நாளாக அந்தப் பெண் வந்து வலது பக்கம் மாற்றி வைக்கிறாள். அவள் தலை திரும்பியதும் நான் இழுத்து இடது பக்கம் வைக்கிறேன். சாப்பாடு தவிர அறுபத்தொன்பது வருஷமாக எனக்கு எல்லாம் இடது கை. இந்தச் சோப்புக்கட்டிக்காக மாற்றிக்கொள்ள முடியாது. மணி இரண்டு. ஏசியில் பல் கிட்டுகிறது. மத்தியானம் தின்ற சாம்பார் சாதம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு கம்ப்யூட்டர், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரே தட்டல். எல்லாரும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். எல்லாரும் என் மகள் வயசுக்குக் கீழே. ஆய்வாளர்களுக்கான அடிப்படைக் கணினிப் பயிற்சி என்று வாசலில் பேனர். அடிப்படையாம். இதை முடித்த சான்றிதழ் இல்லாவிட்டால் தீசிஸை உள்ளே வாங்க மாட்டார்கள். புது விதி. தீசிஸ் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று புதன். ஏழு வருஷம் இழுத்தாயிற்று, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இதற்கு மேல் ஒரு நாள் கிடையாது, தவறினால் பதிவே ரத்து. ஆக இந்தப் பெண் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிற தாளில் நிற்கிறது எல்லாம். ரிஸ்வானா. பயிற்சி கொடுக்கிறவள், இருபத்தாறு வயசிருக்கும். தொண்டை கட்டியிருக்கிறது, மூன்று நாளாகக் கத்திக் கத்தி. காலையில் வருகைப் பட்டியலைச் சுவரில் பெரிதாகப் போட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாளைக்கு ஆறு. வந்தவர்களுக்கு ‘வ’. ஆறு ‘வ’ இருந்தால் சான்றிதழ். இசக்கியப்பன் என்ற பெயருக்கு நேரே பார்த்தேன். நேற்று மத்தியானக் கட்டத்திலும் ‘வ’. நேற்று மத்தியானம் நான் இங்கே இல்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இருந்தேன். அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண். அதுதான் தொந்தரவு.

நேற்று என்ன நடந்துவிட்டது. ஒன்றுமில்லை. திரையில் அம்புக்குறி எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் குனிந்து, “பயப்படாதீங்க ஐயா, கடிக்காது” என்றாள். பின்வரிசை சிரித்தது. எழுந்தேன், செருப்பை மாட்டினேன், போய்விட்டேன். பயமா. எனக்கா. திருக்கை முள் ஏறி இந்தப் பாதம் ஒரு மாசம் பூசணிக்காய் மாதிரி கிடந்தது, அப்போதும் ஒற்றைக் காலில் நின்று கூடை எண்ணியவன். புன்னைத்துறைக் கரையில் முப்பது வருஷம் மீன் கணக்கு எடுத்தவன் நான். அதுதான் உத்தியோகம். விடிகாலை வள்ளங்கள் கரைக்கு வரும், கூடை கூடையாக மீன் இறங்கும், எந்த வள்ளத்தில் என்ன மீன் எத்தனை கூடை என்று எண்ணி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மாசக் கடைசியில் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். எண்பத்துமூன்றில் சேர்ந்தேன், ரெண்டாயிரத்துப் பதின்மூன்றில் விட்டேன். எண்ணுகிற ஆளுக்கு ஒரே விதிதான். வள்ளம் போய் வெறுங்கையோடு திரும்பினால் பூஜ்யம். வள்ளமே போகாவிட்டால் காலி. நான் கரைக்குப் போகாவிட்டாலும் காலி. பூஜ்யம் என்றால் பார்த்தேன், இல்லை. காலி என்றால் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானே வைத்துக்கொண்டது. பெருமைதான். எனக்குப் பெருமைக்கு வேறென்ன இருந்தது. நேற்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இதே ஆட்டல். வேறு ஊர், வேறு பெஞ்சு, ஆனால் இதே கால், இதே கோபம், கையில் ஆறிப்போன டீ. எண்பத்தேழு. முப்பத்தொன்பது நாள். வேண்டாம். இப்போது அது வேண்டாம்.

“எல்லாரும் அவங்கவங்க டேட்டாவைத் திறந்துக்கோங்க” என்கிறாள் ரிஸ்வானா. கடைசிப் பயிற்சி. சொந்த ஆராய்ச்சிக் கணக்கில் ஒரு வருஷத்தை எடுத்து கிராஃப் போட்டு, அதை இங்கிருந்தே கைடுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். என் கணக்கு பதினோராயிரம் வரிசை. முப்பது வருஷ ரிஜிஸ்டரையும் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்கியது. எந்த வருஷம் என்று கேட்கவே வேண்டாம். பொற்கலை நேற்றே மெசேஜ் போட்டுவிட்டாள். “எண்பத்தேழையே போடுங்க சார். அதுதான் நம்ம ஹீரோ.” பொற்கலை என் கைடு. நாற்பத்தொரு வயசு. ரிட்டயர்டு ஆளை எடுப்பதில்லை என்று மூன்று பேர் திருப்பி அனுப்பிய பிறகு, என் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சார், ஒரே கரை, ஒரே ஆள், முப்பது வருஷம். இதை எங்கே வச்சிருந்தீங்க இத்தனை நாளா?” என்று கேட்டவள். மர பீரோவில் என்றேன். சிரித்தாள். அன்றிலிருந்து என் இங்கிலீஷை அவள்தான் திருத்துகிறாள், என் சண்டைகளை அவள்தான் ஆபீசில் தீர்க்கிறாள். நாலாம் அத்தியாயம் முழுக்க எண்பத்தேழு. அந்த வருஷம் செப்டம்பரில் சாளை மீன் அடியோடு காணாமல் போகிறது, அக்டோபர் நடுவில் திரும்பி வருகிறது. அந்த வருஷம் கடல் சூடு. கடல் சூட்டுக் கணக்கை எங்கிருந்தோ வாங்கி என் கணக்கின் மேல் வைத்துப் பார்த்தாள். “பொருந்துது சார்! கோட்டுக்குக் கோடு பொருந்துது!” கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டலை இன்றைக்கு வரை கழுத்தில் வைத்திருக்கிறேன். அன்று சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாள். ஒரு நாள் சொல்லாவிட்டால் அடுத்த நாள் இரண்டு மடங்கு கஷ்டம். இப்போது ஏழு வருஷம். எத்தனை மடங்கு என்று இந்த மெஷினைக் கேட்டால் சொல்லும்.

திறந்தாயிற்று. செப்டம்பர். ஆகஸ்ட் கடைசியிலிருந்து எண்கள் வரிசையாக இறங்குகின்றன, நாற்பத்திரண்டு கூடை, ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு. அந்த அறுபத்திரண்டுதான். செப்டம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை. அன்று சாளை பட்டது கஸ்பாரின் வள்ளத்துக்கு மட்டும். நான் எண்ணியது அறுபத்திரண்டு கூடை சாளை. கஸ்பார் நாற்பது என்றான். ஏன் குறைத்துச் சொன்னான் என்பது அவன் பாடு, பங்காளியிடம் ஏதோ மறைக்க வேண்டியிருந்திருக்கும். “நாப்பதுன்னு எழுதும்” என்றான். அறுபத்திரண்டு என்றேன். “நாந்தான் வலை போட்டவன், நான் சொல்றேன், நாப்பது.” நீ பொய்யன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் கரை நிறைய ஆள் நின்றது, அவன் மாமனார் நின்றார். “எங்க கடல்ல வந்து எம்மீனை எண்ணிக்கிட்டு என்னையே பொய்யன்ங்கியா? ஏறுவே கரைய விட்டு!” மணலில் ரிஜிஸ்டர் விழுந்தது. யார் தட்டிவிட்டது என்று தெரியாது. சாயங்காலம் ஊர்க் கமிட்டி கூடி, கணக்கெடுக்கிறவன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் மணலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மன்னிப்பா. அறுபத்திரண்டை அறுபத்திரண்டு என்று சொன்னதற்கு மன்னிப்பு. மறுநாள் விடிகாலை பஸ்ஸில் போய் இறங்கினேன், மணலுக்கு முன்னால் தார் ரோடு முடிகிற இடத்தில் டீக்கடை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபீசுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு ஆள் வந்து சமாதானம் பேசுவான், இல்லை என்னை மாற்றி மேஜையில் உட்கார வைப்பான், இரண்டும் எனக்கு வேண்டாம். தானாக வந்து கூப்பிடட்டும் என்று உட்கார்ந்தேன். தினம் காலை நாலரை முதல் பத்து வரை. முப்பத்தொன்பது நாள்.

“அண்ணாச்சி, இழுங்க, இழுத்துக் கீழ வரைக்கும் கொண்டு போங்க, விட்டுராதீங்க.” பக்கத்து மெஷின் கனிராஜ். தாவரவியல். கடல்பாசியில் ஆராய்ச்சி. மூன்று நாளாக வாய் ஓயவில்லை. “விட்டுட்டீங்களே!” விடவில்லை, விரல் வழுக்கியது. மறுபடி இழுக்கிறேன். ஜனவரியில் பிடித்து டிசம்பர் வரை. முந்நூற்று அறுபத்தைந்து கட்டம் கறுத்துக்கொண்டு வருகிறது. மேலே போய், அந்தச் சின்னப் படத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொரு படத்தைத் தொட்டு. வந்துவிட்டது. நீலக் கோடு. நான் போட்டது. ஒரு வருஷம் மொத்தமும் உள்ளங்கை அகலத்தில். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. கனிராஜ் எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, சீப்பு வரைஞ்சிருக்கீங்க?” சீப்புதான். வாரத்துக்கு ஒரு முறை கோடு தரைக்கு விழுந்து எழும்புகிறது, பல் பல்லாக. “நடுவுல ஒரு பிடி பல்லு போயிருக்கு பாருங்க. இதை வச்சுத் தலை சீவினா பேன் தப்பிச்சிரும்.” பின்வரிசை எழுந்து வந்துவிட்டது. செப்டம்பரில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அக்டோபர் பன்னிரண்டில் எழுந்து நிற்கிறது. “ஐயோ சூப்பர்! அப்ப மீனே இல்லையா சார்?” ஒரு பெண் கேட்கிறாள், மூக்குத்தி, நர்சிங்கோ என்னவோ. “கடல் சூடாச்சுன்னா இப்படித்தான் ஆகும், படிச்சிருக்கேன்.” படித்திருக்கிறாளாம். நான் பார்த்திருக்கிறேன். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கினேன். மீன் இல்லையா என்று கேட்கிறாள்.

மீன். அந்த முப்பத்தொன்பது நாளில் வந்த சாளை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லை, சரி. மணலுக்குப் போகவில்லை, எண்ணவில்லை. ஆனால் மூக்கை எங்கே கொண்டு வைப்பது. டீயில் சாளை வாடை, சட்டையில் சாளை, பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து வேறு இடம் போவான். விற்றுத் தீராமல் மணலில் காயப்போட்டு, காய்ந்தும் தீராமல், தென்னந்தோப்புக்காரர்கள் மாட்டுவண்டி கொண்டுவந்து உரத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி வண்டியாக என் முன்னால்தான் போயிற்று. எண்ணாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், இருந்தும் உள்ளே எண்ணிக்கொண்டேதான் இருந்தேன், பதினாலு வண்டி, பதினேழு வண்டி, எழுதவில்லை. எழுத மாட்டேன். வந்து கூப்பிடட்டும். செலஸ்டி என்று ஒருத்தி, மீன் விற்கிறவள், தலையில் கூடையோடு தினம் பெஞ்சைத் தாண்டிப் போவாள். “ஏ கணக்கு! இன்னும் எத்தன நாளைக்கி இங்கனயே முட்டையிடப் போறீரு? வாரும், வந்து எண்ணும். கடல் உமக்காக நிக்காது.” நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். மாசக் கடைசியில் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். தீனதயாளன். தங்கமான மனுஷன், என் மகள் பிறந்தபோது ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தவர். இருபத்தெட்டு வரிசை காலி. “என்னய்யா இது?” போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை அவர். கதவைச் சாத்தினார். “காலியா விட்டா மேலருந்து கேள்வி வரும். வேலைக்குப் போகாம சம்பளம் வாங்கினியான்னு. எல்லாத்துலயும் பூஜ்யம் போடு. மீன் படலைன்னு ஆகிப்போகும். யாருக்குய்யா தெரியப்போகுது? உனக்காகத்தான் சொல்றேன்.” போட்டேன். அவர் பேனாவை வாங்கி, அவர் மேஜையிலேயே, இடது கையால், ஒன்றன்கீழ் ஒன்றாக. கஸ்பாருக்காக நாற்பது என்று எழுத மாட்டேன் என்று நின்ற கை. எந்தக் கொம்பனுக்கும் வளையாத கை. இருபத்தெட்டு பூஜ்யம் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த மாசம் இன்னும் பதினொன்று. அப்புறம் ஒரு திங்கட்கிழமை செலஸ்டி கூடையை இறக்கிவைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலுக்குள் போனாள். “இந்தா, கூட்டியாந்துட்டேன், யாரு என்ன செய்வீயன்னு பாக்கேன்.” யாரும் ஒன்றும் செய்யவில்லை. கஸ்பார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எண்ணும்வே” என்றான். அவ்வளவுதான். சண்டை முடிந்தது. பூஜ்யங்கள் முடியவில்லை.

“ஐயா, ஒரு சின்ன விஷயம்.” ரிஸ்வானா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிறாள். நல்லவேளை, மௌஸைத் தொடவில்லை. “இந்தப் பல்லெல்லாம் ஏன் வருதுன்னா, உங்க டேட்டாவில ஞாயிற்றுக்கிழமை எல்லாம் காலியா இருக்கு.” ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், கோயில் நாள் என்றேன். “அதானா! சரி. காலியை பூஜ்யமாக் காட்டச் சொல்லி நான்தான் காலையிலேயே எல்லா மெஷின்லயும் வச்சிருக்கேன், கிராஃப் உடையாம வரும்னு. அதான் பல்லு.” பிறகு என் விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். வரிசைகள் சுருங்கின. அந்த வருஷத்து ஞாயிறு மட்டும், ஐம்பத்திரண்டு. “பாருங்க, நாப்பத்தாறு ஞாயிறு காலி. ஆனா இந்த ஆறு ஞாயிறுல மட்டும் பூஜ்யம்னு இருக்கு. செப்டம்பர் ஆறு, பதிமூணு, இருபது, இருபத்தேழு, அக்டோபர் நாலு, பதினொண்ணு.” எனக்கு முதுகில் வியர்த்தது, அந்த ஏசியில். முப்பத்தேழு வருஷம். தீனதயாளன் பார்க்கவில்லை. மேலே இருந்தவர்கள் பார்க்கவில்லை. பொற்கலை ஏழு வருஷம் தலைகீழாகப் படித்திருக்கிறாள், அவள் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை. அவசரத்தில் மேலிருந்து கீழே பூஜ்யம் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போனவன் ஞாயிறைத் தாண்டவில்லை. வள்ளமே போகாத நாளில், போய் வெறுங்கையோடு வந்ததாக எழுதியிருக்கிறேன். புன்னைத்துறைக்காரன் எவனாவது பார்த்திருந்தால் அன்றே சிரித்திருப்பான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். “டைப்பிங் மிஸ்டேக்கா ஐயா?” என்கிறாள். கட்டின தொண்டையோடு, வெகு சாதாரணமாக. “அப்படின்னா ஒரே அடியில சரி பண்ணிடலாம். எல்லா ஞாயிறுக்கும் பூஜ்யம் போட்டுடலாம், இல்ல இந்த ஆறை மட்டும் காலியாக்கிடலாம். எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். எதைச் செய்ய?”

எதைச் செய்ய. ஒரு வார்த்தை. ஆமாம், டைப்பிங் சென்டர்காரன் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் ஒரு விசையைத் தட்டுவாள், ஆறு ஞாயிறும் மற்ற ஞாயிறுகளோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும், அப்புறம் ஆண்டவன் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ரிஜிஸ்டர்? பீரோவில் இருக்கிறது, நான் செத்தால் மகள் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவாள். நாலாம் அத்தியாயம் நிற்கும். வெள்ளிக்கிழமை நிற்கும். பொற்கலை முகம் நிற்கும். முனைவர் இசக்கியப்பன். கடல் சூடாகி மீன் போயிற்று என்பது வேறு எங்கோ வேறு கடலில் உண்மையாகவே இருக்கலாம், யார் கண்டது, ஒரு பூஜ்யம் கூடினால் என்ன கடல் வற்றிவிடுமா. இப்படித்தான் அன்றைக்கும் பேசிக்கொண்டேன். அட்சரம் மாறவில்லை. பஸ்ஸில் திரும்புகிறபோது, ஜன்னலோரம், சட்டையில் சாளை வாடையோடு. உனக்காகத்தான் சொல்றேன். யாருக்குய்யா தெரியப்போகுது. எனக்குத் தெரியும். நான் ஆள் இல்லையா. சுனாமி வந்து மூன்று மாசம் கரையில் கால் வைக்க முடியவில்லை, அப்போது வேறொரு அதிகாரி பூஜ்யம் போடச் சொன்னான், மாட்டேன், காலி என்று நின்றேன், எழுதித் தா என்றான், எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எண்பத்தேழுக்கு ஈடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஈடாகாது. ஒரு கட்டத்தில் உண்மை எழுதினால் இன்னொரு கட்டத்துப் பொய் காய்ந்து உதிராது. அது அங்கேயேதான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு.

“மிஸ்டேக்குதான்” என்றேன். “டைப்பிங் இல்லை.” அவள் புரியாமல் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. மௌஸைப் பிடித்தேன். ஞாயிறு மட்டும் காட்டுவதை எடு என்றேன், எடுத்தாள். செப்டம்பர் மூன்றில் தொட்டேன். இழுத்தேன். “பாத்து அண்ணாச்சி, விட்டுராதீங்க” என்கிறான் கனிராஜ். விடவில்லை. அக்டோபர் பதினொன்று வரை, முப்பத்தொன்பது கட்டம், கறுப்பாக. டெலீட். “ஐயா! எல்லாம் போயிருச்சே!” என்று கையை நீட்டினாள் ரிஸ்வானா. இருக்கட்டும் என்றேன். கிராஃபைப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. கோடு அசையவில்லை. செப்டம்பரில் தரையோடு படுத்தது படுத்தபடி. நான் அழித்துவிட்டேன், அது அழியவில்லை. இன்னொரு முறை டெலீட். இன்னொரு முறை. மேஜை குலுங்கியது. ஓ, காலியைப் பூஜ்யமாகக் காட்டு என்று இவள் காலையில் சொல்லிவைத்திருக்கிறாள். தீனதயாளன் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார், மெஷினுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. எழுந்து போய்விடலாமா. டீக்கடை இருக்கிறது. செருப்பு காலுக்குக் கீழேதான் கிடக்கிறது. இல்லை. இந்தத் தடவை பெஞ்சு கிடையாது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கேட்டேன். அதைக் கேட்க நாக்கு எவ்வளவு கனத்தது. “ஏம்மா. காலியைக் காலியாவே காட்டாதா இது?” ரிஸ்வானா என்னையே பார்த்தாள். பிறகு கிராஃபின் மேல் ஏதோ தொட்டு, எதற்குள்ளோ போய், ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். காலிக் கட்டத்தை எப்படிக் காட்டுவது என்று அது கேட்கிறது. மூன்று வட்டம். இடைவெளியாக. பூஜ்யமாக. கோட்டால் இணைத்து. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தகரடப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எவனோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து, காலி வேறு பூஜ்யம் வேறு என்று யோசித்து, கேட்டுவிட்டுச் செய் என்று இதற்குச் சொல்லி வைத்திருக்கிறான். “எதை வைக்கட்டும் ஐயா?” நான் வைக்கிறேன் என்றேன். முதல் வட்டம். கோடு அறுந்தது. செப்டம்பர் இரண்டில், அறுபத்திரண்டு கூடை உயரத்தில், அப்படியே வெட்டுப்பட்டு நின்றது. பிறகு வெறும் வெள்ளை. அப்புறம் அக்டோபர் பன்னிரண்டில் அந்தரத்திலிருந்து தொடங்கியது. ஞாயிறுப் பல்லும் எல்லாம் போய் வாரத்துக்கு ஒரு சின்ன இடைவெளி, தையல் விட்ட துணி மாதிரி. “இப்ப அசிங்கமா இருக்கே அண்ணாச்சி” என்றான் கனிராஜ். இருக்கட்டும்டா.

மெயிலில் பொற்கலை பெயரை ரிஸ்வானாதான் தேடிக் கொடுத்தாள். கிராஃபை ஒட்டினேன். கீழே ஒரு விரலால் அடித்தேன். இடது ஆள்காட்டி விரல். 1987 செப்டம்பர் 3 முதல் அக்டோபர் 11 வரை நான் கரைக்குப் போகவில்லை. அனுப்பு. மூன்றரை மணி. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்குப் போகவில்லை. அங்கேயே எடுத்தேன். “சார், ஃபைல்ல ஏதோ கோளாறு. பள்ளத்தைக் காணோம்.” பள்ளம் இல்லைம்மா என்றேன். “அப்படின்னா?” “மீன் இருந்துச்சு. மலை மாதிரி இருந்துச்சு. ஆள்தான் இல்லை. நான் டீக்கடையில இருந்தேன்.” “அந்த பூஜ்யமெல்லாம்?” “நான் போட்டது. வேணும்னே.” “ஏழு வருஷம் சார்.” ஆமாம். “ஒரு நாள் சொல்லியிருக்கலாமே.” சொல்லியிருக்கலாம். “அதை வச்சு ஒரு கட்டுரை அனுப்பியிருக்கேன் சார், போன மாசம். உங்க பேரும் என் பேரும் போட்டு.” எனக்கு அது தெரியாது. திரும்ப வாங்கு, என் தப்புன்னு எழுது, நான் கையெழுத்துப் போடுறேன் என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் மாறிற்று, கறாரான குரல், ஆபீசில் எனக்காகச் சண்டை போடுகிற குரல். “நாலாம் அத்தியாயத்தை எடுத்துடுவோம். மூணு இருக்கு. மூணை வச்சே வெள்ளிக்கிழமை கொடுப்போம். நான் திட்ட வேண்டியதையெல்லாம் சனிக்கிழமை திட்டறேன். நீங்க அந்தச் சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிட்டு வாங்க சார். அதுல கோட்டை விட்டுடாதீங்க.” சரி என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

நாலு மணி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ரிஸ்வானா தாளைக் கொடுக்கிறாள், கை தட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கனிராஜ் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டான். “இசக்கியப்பன் ஐயா.” எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டுகிறார்கள். கிழவனுக்கான தட்டல். எழுந்து போனேன். அழகான தாள், ஓரத்தில் தங்கக் கரை. மூன்று நாளும் ஆறு வேளையும் முழுமையாகக் கலந்துகொண்டார் என்று இருக்கிறது. அவள் லேப்டாப்பில் வருகைப் பட்டியல் இன்னும் திறந்தே கிடக்கிறது, பின்னால் சுவரிலும் பெரிதாக. “நேத்து மத்தியானம் நான் வரலை” என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். “தெரியும் ஐயா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அதான்… விடுங்க. ஒரு கட்டம்தானே. யாருக்குத் தெரியப்போகுது?” அட்சரம் மாறாமல். இவளுக்கு எங்கிருந்து கிடைக்கிறது இந்த வாக்கியம். ஊரில் எல்லா நல்லவர்களுக்கும் இதே வாக்கியத்தைத்தான் கொடுத்து அனுப்புகிறார்களா. “உங்களுக்காகத்தான் ஐயா.” தெரியும் என்றேன். அவரும் எனக்காகத்தான் சொன்னார். “யாரு?” அதை விடு. நகரு. லேப்டாப்பில் மௌஸ் வலது பக்கம் இருந்தது. எடுத்து இடது பக்கம் வைத்தேன். சுவரில் அம்புக்குறி பெரிதாக அலைந்தது, அத்தனை பேரும் பார்க்கிறார்கள், என் பெயரைத் தேடிப்போய், ஐந்தாவது ‘வ’வைத் தாண்டி, திரும்பி, நாலாவதில் நின்றது. தொட்டேன். டெலீட். வெள்ளைக் கட்டம். கைதட்டல் நின்றுபோயிற்று. “அப்படின்னா சர்டிபிகேட் தர முடியாது ஐயா” என்றாள். கண் கலங்கிவிட்டது, என் மேல் கோபம்தான், இருக்கட்டும், கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. “வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடைசி நாள்னாங்களே. பதிவே போயிடுமே. அடுத்த பயிற்சி ஜனவரியிலதான்.” தங்கக் கரைத் தாளை அவள் மேஜையில் திரும்ப வைத்தேன். மூன்று அத்தியாயம், வெள்ளிக்கிழமை, பதிவு, எல்லாம் அதோடு போயிற்று. பொற்கலைக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், இன்றைக்கே, ஏழு வருஷம் கழித்து இல்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும், ஜனவரியில் எனக்கு எழுபது முடிந்திருக்கும்.

“ஜனவரில எத்தனாம் தேதி?” என்றேன்.